விரல் இல்லாத படங்கள்

மேலகரம், தென்காசி
15.6.2025

அன்புத் தங்கை முத்துச்செல்விக்கு, அக்கா ஆனந்தவள்ளி எழுதுவது.

இங்கே நான், சைலு, அத்தை மூன்று பேரும் சுகம். கீழப்பாவூரில் அம்மாவின் முழங்கால் வலியும் சுகமாகத்தான் இருக்கிறது, அவளை விட்டுப் போவதாக இல்லை. உன் காலில் கொப்புளம் ஆறியதா? சாப்பாடு இறங்குகிறதா?

போலீஸ் பயிற்சி முடிகிறவரை போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஞாயிறு பத்து நிமிஷம்தான் தருவார்கள் என்று அம்மா சொன்னாள். அந்தப் பத்து நிமிஷத்தையும் அவளே தின்றுவிடுகிறாள். அதனால்தான் கடிதம். எம்.எஸ்ஸி. முடித்தபிறகு நான் பேனா பிடிப்பது மளிகைச் சீட்டுக்குத்தான். கையெழுத்தைக் கேலி செய்யாதே.

சாரல் தொடங்கிவிட்டது. ரோடு முழுக்க வேன். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் குளிக்க வந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் உன் அத்தான் என்ன சொல்கிறார் தெரியுமா? பட்டாளத்திலிருந்து ஒன்றாம் தேதி லீவில் வருகிறாராம். வந்ததும் என்னை ஊட்டிக்குக் கூட்டிப்போகப் போகிறாராம், நாலு நாள். நாங்கள் இரண்டு பேர் மட்டும். சைலு அத்தையிடம் இருப்பானாம்.

எனக்கு இது பிடிபடவே இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் கேரள பார்டர் பக்கம் புளியறைக்குப் போய்ப் பரோட்டா சாப்பிட்டதுதான் எங்கள் சுற்றுலா. அத்தையாவது தடுப்பார்கள் என்று பார்த்தேன். நான் தென்காசி பஜாருக்குப் போனாலே, "எதுக்கு, எப்ப வருவே?" என்று கேட்கிறவர்கள், "போயிட்டு வா தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்கிறார்கள். சைலு இன்னும் என் பால்தான் குடிக்கிறான். இந்த ஆகஸ்ட் வந்தால் இரண்டு வயது. சோறு என்றால் உதட்டைத் தைத்துக்கொள்கிறான். அத்தை வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தார்கள். அவன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, என் முந்தானையால் துடைத்துவிட்டுக் குடித்தான். அவனை எப்படி நாலு நாள்?

எனக்குக் கொஞ்சம் தலைசுற்றல், வேறொன்றும் இல்லை. தூக்கம் போதாததுதான். கோயில் வாசல் விஷயத்தை நீ யாரிடமும் சொல்லவில்லைதானே?

போகலாமா வேண்டாமா, சீக்கிரம் எழுது.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
வள்ளி அக்கா


பயிற்சி முகாம்
24.6.2025

அக்காவுக்கு, விறைப்பாக நின்று செல்வி வைக்கும் வணக்கம்.

நான் சுகம். என் இடது குதிகால் மட்டும் சுகமில்லை. விடியுமுன் எழுப்பி ஓடவிடுகிறார்கள். சப்பாத்தி என்ற பேரில் ஒன்று தருகிறார்கள், அதை வைத்து லாரி டயருக்கு ஒட்டுப்போடலாம். வருமுன் ஊரில் வெட்டிய முடி வளரவே இல்லை. கண்ணாடியில் பார்த்தால் நம்ம சித்தப்பா மாதிரி இருக்கிறேன்.

போ. போ. போ. மூன்று தடவை எழுதிவிட்டேன். உனக்கு என்னட்டி கேடு? அத்தான் கூப்பிடுகிறார், மாமியார் அனுப்புகிறார்கள். இப்படி அமைந்தால் இங்கே இருக்கிற பிள்ளைகள் எல்லாம் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு ஓடும். குற்றாலமே ஊரைக் குளிப்பாட்டுகிற நேரத்தில் குளிர் தேடி ஊட்டிக்குப் போகிற ஒரே தென்காசிக்காரி நீயாகத்தான் இருப்பாய், அந்தப் பேராவது கிடைக்கட்டும்.

சைலு இருப்பான். அத்தையை நம்பு. டாக்டர் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடு.

நீ கேட்டதற்கு: நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

சைலு கன்னத்தில் என் சார்பாக ஒரு கடி.
செல்வி


மேலகரம்
6.7.2025

அன்புச் செல்விக்கு,

எல்லோரும் சுகம். உன் குதிகாலுக்கு வெந்நீரில் உப்புப் போட்டு வை.

அத்தான் வந்துவிட்டார். வந்த அன்றே ஊட்டிக்கு இ-பாஸ் எடுத்துவிட்டார். ஒன்பதாம் தேதி சாயங்காலம் பஸ், பதின்மூன்றாம் தேதி திரும்புகிறோம். அவர் முகத்தில் ஊருக்குப் போகிற சந்தோஷம் இல்லை. எல்லையில் டியூட்டிக்குப் போகிற முகம்தான் இருக்கிறது. "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல, ஸ்வெட்டர் எடுத்து வச்சியா?" என்கிறார்.

நேற்று சைலு அவர் தொப்பியை எடுத்து என் தலையில் வைத்து சல்யூட் அடித்தான். பிறகு முந்தானையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். அத்தை பார்த்துக்கொண்டே நின்றார்கள். "குடிச்சுக்கோலே, குடிச்சுக்கோ" என்றார்கள். அந்தக் குரல் எனக்கு என்னவோ போல் இருந்தது.

அவன் மூக்கில் கட்டிலில் இடித்து ஒரு கீறல். புருவம் வரைக்கும் கோடு போட்ட மாதிரி. நான் அடுப்படியில் இருந்தேன், அந்த நேரத்தில்தான். போவதற்குள் ஆறிவிட்டால் தேவலை.

போகிறேன். நீ சொன்னதால் போகிறேன், அதை ஞாபகம் வைத்துக்கொள்.

அன்புடன்,
வள்ளி


உதகை
11.7.2025

செல்விக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

விடுதிக்கு எதிரிலேயே தபாலாபீஸ் இருக்கிறது, அதனால் இது. உன் அத்தான் கீழே டீ குடிக்கப் போயிருக்கிறார்.

நேற்று தாவரவியல் பூங்காவுக்குப் போனோம். பூவெல்லாம் மழையில் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. இன்று தொட்டபெட்டா. மேலே ஏறினால் ஒரே வெள்ளை. பக்கத்தில் நிற்கிற ஆள் தெரியவில்லை. தொலைநோக்கிக்கு டிக்கெட் வாங்கி, அதற்குள்ளேயும் வெள்ளையைப் பார்த்தோம். அத்தான், "நல்லாருக்குல்லா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதோடு அழுகையும். வர்க்கி பிஸ்கட் வாங்கித் தந்தார், சாக்லேட் வாங்கித் தந்தார். நான் கேட்காததை எல்லாம் வாங்கித் தருகிறார். திரும்பிப் போகலாமா என்றால் மட்டும் காது கேட்கவில்லை.

உனக்கு இது புரியாது செல்வி, ஆனாலும் எழுதுகிறேன். பால் கட்டிக்கொண்டது. மார் கல்லாக இருக்கிறது. அக்குள் வரை நெறி. பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதால் ரவிக்கை நனைந்துவிடுகிறது. வாஷ்பேசினில் பீய்ச்சி ஊற்றிக் குழாயைத் திறந்துவிடுகிறேன். என் பிள்ளையின் சாப்பாடு ஊட்டிச் சாக்கடையில் போகிறது.

போன் செய்தால் அத்தை, "இங்கன டவர் இல்ல, மழை. உன் குரலைக் கேட்டா அழுவான், வச்சிரு" என்று வைத்துவிடுகிறார்கள். படம் மட்டும் வருகிறது. நேற்று இரண்டு, இன்று இரண்டு. சைலு சிரிக்கிறான், தவளைப் பொம்மையைப் பிடித்திருக்கிறான், சட்டை மாற்றியிருக்கிறான். பார்த்ததும் நிம்மதியாகத்தான் இருந்தது. பிறகுதான் ஒன்று உறுத்தியது. அத்தை எடுத்த எந்தப் படத்திலாவது அவர்கள் விரல் இல்லாமல் இருந்திருக்கிறதா? சைலு பிறந்த அன்று எடுத்த படத்திலேயே பாதி பெருவிரல்தானே! இந்த நாலு படத்திலும் விரல் இல்லை.

அப்புறம் வெயில். குற்றாலம் பேரருவியில் வெள்ளம், குளிக்கத் தடை என்று டிவியில் ஓடுகிறது. படத்தில் எங்கள் முற்றம் காய்ந்து கிடக்கிறது. கொடியில் துணி மொரமொரப்பாகத் தொங்குகிறது. மூக்கில் கீறல் இல்லை.

இது பழைய படம். அப்படியென்றால் இன்றைய சைலு எப்படி இருக்கிறான்? எதை என்னிடம் காட்டாமல் இருக்கிறார்கள்?

அத்தான் ஏறி வருகிற சத்தம் கேட்கிறது. இன்றே கிளம்பச் சொல்லப் போகிறேன்.

வள்ளி


மேலகரம்
17.7.2025

அன்புச் செல்விக்கு,

சைலு சுகம். முதலில் அதை எழுதிவிடுகிறேன், உனக்கும் பதறியிருக்கும். நீயும் சுகமாக இரு.

அன்றே கிளம்பிவிட்டோம். அத்தான் முதலில், "ரூமுக்குப் பணம் கட்டியாச்சு" என்றார், அப்புறம், "மழையில மலைப்பாதை சரியில்ல" என்றார். நான் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். பின்னாலேயே வந்தார். கோயம்புத்தூரில் பஸ் மாறி உட்கார்ந்தபிறகுதான் வாயைத் திறந்தார். "அம்மாதான் சொன்னா. நாலு நாள் உன்னைத் தள்ளி வச்சா பிள்ளை பால் மறந்துரும்னு."

ஆக, அது சுற்றுலா இல்லை. என் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்க, எனக்கு ஸ்வெட்டர் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம்ம பக்கம் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், தெரியும். ஆனால் அந்தத் தாய்க்குச் சொல்லிவிட்டுச் செய்வார்கள். நான் தொட்டபெட்டாவில் அவருடைய, "நல்லாருக்குல்லா"வுக்குத் தலையாட்டினேனே, அதை நினைத்தால் கூசுகிறது.

காலையில் வந்து கதவைத் தட்டினோம். அத்தை திறந்தார்கள். சைலு அவர்கள் தோளில் கிடந்தான். சேலையெல்லாம் வாந்தி. அவர்கள் கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தன. என்னைப் பார்த்து வா என்று சொல்லவில்லை. "ஏன் வந்தே?" என்றார்கள். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

"படத்துல சிரிச்சானே அத்தை?" என்றேன்.

"அழுத படத்தை அனுப்பினா நீ இருப்பியா? ரெண்டு நாளா என் தோளை விட்டு எறங்கலை. தண்ணி குடிக்கலை. நேத்து ராத்திரிதான் ஒரு கரண்டி கஞ்சி உள்ள போச்சு. ஒரு கரண்டி! இன்னும் ஒருநாள் பொறுத்திருந்தா மறந்திருப்பான். எல்லாத்தையும் கெடுத்துட்டியே, மூதி."

சைலு முழித்தான். என்னையே பார்த்தான். கையை நீட்டுவான் என்று நின்றேன். நீட்டினான், நீட்டிக் கன்னத்தில் ஒரு அடி வைத்தான். சத்தம் வந்தது. அப்புறம் தாவி வந்து குடித்தான். குடித்துக்கொண்டே விக்கி விக்கி அழுதான். அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். அன்று முழுக்க அவர்கள் சாப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இப்போது உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நாலாவது படத்தில் சைலுவுக்குப் பின்னால் எவர்சில்வர் குடம் இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். படம் எடுத்த ஆள் அதில் தெரிகிறது. அத்தை இல்லை. அத்தைக்குக் கொண்டை உண்டு.

யார் என்று உனக்குத் தெரியுமா?

வள்ளி


பயிற்சி முகாம்
3.8.2025

அக்காவுக்கு வணக்கம்.

நான் சுகம். சைலு நன்றாக இருக்கிறான் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் வந்தன.

இங்கே மழை. கயிறு ஏறப் பழக்குகிறார்கள். உள்ளங்கை உரிந்துவிட்டது, எழுத்துக் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். என் பக்கத்துக் கட்டில் பிள்ளை மணிப்பூர்க்காரி. அவளுக்கு, "ஏட்டி" சொல்லிக் கொடுத்தேன். இப்போது பயிற்சி கொடுக்கிற மேடத்தையே முதுகுக்குப் பின்னால், "ஏட்டி" என்கிறாள். துப்பாக்கியைப் பிரித்து மாட்டுவதில் நான் இரண்டாவது.

ஐந்தருவியில் தண்ணீர் எப்படி? செங்கோட்டை வழியாகப் பலாப்பழம் வருகிறதா? அம்மாவைப் போய்ப் பார்த்தாயா? அத்தையின் கால் வீக்கம் வடிந்ததா? அவர்களுக்கு என் வணக்கம்.

மணி அடித்துவிட்டார்கள்.

செல்வி


மேலகரம்
14.8.2025

செல்விக்கு,

சுகம். உன் உள்ளங்கைக்கு விளக்கெண்ணெய் போடு.

தண்ணீர் விழுகிறது. பலாப்பழம் வருகிறது. அத்தை கால் வடிந்தது. அத்தான் லீவு முடிந்து போய்விட்டார். ரயில்வே ஸ்டேஷனில், "பேசு வள்ளி" என்றார். "சாப்பிட்டுக்கிடுங்க" என்றேன். அவ்வளவுதான்.

நீ கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் எழுதிவிட்டேன். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

குடத்தில் தெரிந்த ஆளுக்குக் கழுத்துவரை வெட்டிய முடி. நம் வீட்டில் அப்படி முடி வெட்டிய ஆள் ஒருத்திதான். முகாமுக்குப் போகுமுன் வந்து இரண்டு நாள் இருந்தாய். சைலுவுக்குச் சட்டை மாற்றி மாற்றி விளையாட்டுக் காட்டினாய். நான் உள்ளே தோசைக்கு மாவு ஆட்டிக்கொண்டு, என் தங்கைக்கு என் பிள்ளை மேல் எவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீயே சொல்வாய் என்று ஒரு கடிதம் பொறுத்தேன்.

ஆனந்தவள்ளி


மேலகரம்
9.9.2025

செல்விக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறாயாம். எனக்கு எழுத மட்டும்தான் உன் கை உரிந்திருக்கிறது போல.

திட்டியாவது எழுது. சும்மா இருக்காதே. தபால்காரர் சைக்கிள் சத்தம் கேட்டால் சைலு, "சித்தி" என்கிறான். நான்தான் பழக்கினேன்.

வள்ளி


பயிற்சி முகாம்
21.9.2025

அக்காவுக்கு,

சுகமாகத்தான் இருக்கிறேன். நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

ஆமாம், நான்தான் எடுத்தேன். அத்தை போனில், ஒரே மத்தியானத்தில், எல்லாவற்றையும். ஊட்டி யோசனையும் என்னுடையதுதான். அத்தை திருச்செந்தூர் என்றார்கள். திருச்செந்தூர் என்றால் நீ அன்றைக்கே ஓடி வந்துவிடுவாய், தூரமாக மலைக்கு அனுப்புங்கள் என்றேன்.

இப்போது நீ சொல். நான் படம் எடுப்பதற்கு நாலு நாள் முன்னால் தென்காசிக் கோயில் வாசலில் என்ன நடந்தது? கோபுர வாசலில் எப்போதும் அடிக்கிற அந்தக் காற்றில் சைலு, "ஊஊ" என்று கத்திச் சிரித்துக்கொண்டிருந்தான். நீ அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே சரிந்தாய். தள்ளாடவில்லை அக்கா, மயங்கி விழுந்தாய். நான் அவனைப் பறிக்காவிட்டால் அவன் தலை கல்படியில் பட்டிருக்கும். பூக்கார அம்மா தண்ணீர் தெளித்தார்கள். கண்ணைத் திறந்ததும் பிள்ளை எங்கே என்று நீ கேட்கவில்லை. "யார்ட்டயும் சொல்லாதே" என்றாய். மூன்றாவது தடவை என்று அப்போதுதான் சொன்னாய். என் கையைப் பிடித்துச் சைலு தலையில் வைத்து, "அம்மாட்ட சொல்லக் கூடாது, அத்தைட்ட சொல்லக் கூடாது, அவுகட்ட சொல்லவே கூடாது, சத்தியம் பண்ணு" என்றாய்.

பிள்ளை தலையில் அடித்த சத்தியத்தை நான் எப்படி மீறுவேன்? எனக்கு அதில் நம்பிக்கை இல்லைதான். இல்லாவிட்டாலும் அவன் தலையாச்சே. ஒன்று கிடக்க ஒன்று ஆனால்? அதனால் மயக்கத்தைச் சொல்லாமல், "பிள்ளை சோறே திங்க மாட்டேங்கான், பாலை மறக்கடிங்க அத்தை" என்று மட்டும் சொன்னேன். அத்தைக்கு இன்றுவரை உண்மை தெரியாது. நீ எலும்பாய்ப் போவதைப் பார்த்து அவர்களாக ஒத்துக்கொண்டார்கள். அத்தானையும் சம்மதிக்க வைத்தார்கள்.

நான் செய்தது தப்பு. உனக்குத் தெரியாமல் செய்தேன். ஆனால் அக்கா, பொய்ப் படம் எடுக்கிற அளவுக்கு என்னை நெருக்கியது யாருடைய சத்தியம்?

விழுந்தாயா, அப்புறமும் விழுந்தாயா? அதை மட்டும் எழுது.

செல்வி


மேலகரம்
8.10.2025

என் செல்விக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் இனிமேல் சுகமாக இருப்பேன்.

விழுந்தேன். ஆகஸ்டில் ஒரு தடவை, அடுப்படியில். சைலு பக்கத்தில் உட்கார்ந்து என் கண் இமையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

உன் கடிதத்தை இரண்டு நாள் வைத்திருந்தேன். கோபம் வருகிறதா என்று பார்த்தேன், வந்தது, ஆனால் எங்கே போடுவது என்று தெரியவில்லை. மூன்றாம் நாள் அத்தை புளி கரைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வாசல், அடுப்படி, சத்தியம் எல்லாம். அத்தை புளியிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"எதுக்குட்டி மறைச்சே?"

"தெரிஞ்சா பிள்ளையைத் தூக்க விடமாட்டீங்கல்லா?"

"ஆமா, விடமாட்டேன். நட்ட நடு ரோட்டுல போட்டு ஒடைக்கவா பெத்தே? உக்காந்து மடியில வச்சுக்கோ, யாரு வேண்டாம்னா?" பிறகு புளிக்கையோடேயே சைலு தலையைத் தடவி, "வாங்குனவளே சத்தியத்தை விட்டாச்சு, இவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்கள். அவன் தலையெல்லாம் புளி.

ஆஸ்பத்திரிக்கு அத்தைதான் கூட்டிப்போனார்கள். இரத்தம் பாதிதான் இருக்கிறதாம். டாக்டரம்மா, முன்பு கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் எங்கே போனது என்று கேட்டார். வயிற்றைப் பிடிக்கிறது, பால் குறைந்துவிடுமோ என்ற பயம், அதனால் சாப்பிடவில்லை என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எம்.எஸ்ஸி. சர்ட்டிபிகேட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் போல் இருந்தது.

பாலை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் பகலில் மட்டும். நானே சைலுவிடம் சொன்னேன். "வெளிச்சம் இருந்தா கஞ்சி, இருட்டுனா அம்மா." கேட்பானா? ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து, "இருட்டு" என்கிறான். அத்தை சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள். நான் பக்கத்திலேயே இருக்கும்போது அவன் அழுகிறான், நான் அதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஊட்டியில் இருந்த மாதிரி இல்லை.

அத்தானுக்கும் எழுதியிருக்கிறேன். தொட்டபெட்டா கடன் இருக்கிறது, வெயில் காலத்தில் கூட்டிப்போக வேண்டும் என்று.

உன் மேல் கோபம் முழுக்கப் போகவில்லை. போனதும் சொல்கிறேன்.

உன் அக்கா,
வள்ளி


பயிற்சி முகாம்
26.10.2025

அக்கா,

கோபத்தைப் பையவே விடு. மாத்திரையை வெரசா சாப்பிடு.

நான் சுகம். மணிப்பூர்க்காரி நீ எழுதியதைக் கேட்டுவிட்டு இன்று முழுக்க ஜன்னலைச் சாத்திச் சாத்தி, "இருட்டு" என்றாள்.

மார்ச்சில் எங்கள் அணிவகுப்பு. வீட்டு ஆட்கள் வரலாம். நான் கேட்கவில்லை, தகவல் சொன்னேன்.

செல்வி


மேலகரம்
2.3.2026

அன்புத் தங்கைக்கு,

இங்கே அனைவரும் சுகம். இதை இரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், ஆகவே நம்பலாம்.

சைலு பாலை விட்டாச்சு. எந்த நாள் என்று கேட்காதே, எனக்கே தெரியாது. தைப் பொங்கலுக்குப் பிறகு ஒரு வாரம் இருக்கும், சாயங்காலம் விளக்குப் போட்டபோதுதான் இவன் இன்றும் கேட்கவில்லையே என்று தோன்றியது. நேற்றும் கேட்கவில்லை. சொதிச் சோறு என்றால் இப்போது இரண்டாவது தடவை தட்டை நீட்டுகிறான்.

நான் வருகிறேன். போக வர நாலு நாள் ரயில். உன் அத்தான் டியூட்டி இடத்திலிருந்து நேரே வந்துவிடுவார். அம்மாவின் முழங்கால் வரவில்லை, அதனால் அம்மாவும் இல்லை. சைலுவைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் வேண்டாம் என்று நானேதான் சொன்னேன். அவன் அத்தையிடம் இருப்பான். ரயிலில் தூங்க மாட்டேன், உனக்கே தெரியும்.

நேற்று அவனை மடியில் வைத்து, எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று சொன்னேன். "சித்தி டப்டப் நடக்குறதைப் பாத்துட்டு வாரேன்" என்றேன். அழுதான். அழட்டும் என்று சொல்லி முடித்தேன்.

அத்தையிடம் ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறேன். "அழுதா போனைப் போட்டு அழுகையைக் கேக்க வையுங்க. ஓடி வர மாட்டேன், கேட்டுக்கிடுதேன். சிரிச்சா மட்டும் போட்டோ அனுப்பாதீங்க, ரெண்டும் அனுப்புங்க. போட்டோவுல உங்க விரல் தெரியணும். விரல் இல்லைன்னா அடுத்த ரயிலைப் பிடிச்சிருவேன்."

"பெரிய போலீஸ்காரி! தங்கச்சிக்கு வேலை கிடைச்சா அக்காவுக்குத் தொப்பி வந்துருது" என்றார்கள் அத்தை. சொல்லிவிட்டு, அப்போதே சைலுவை நிற்கவைத்து ஒன்று எடுத்தார்கள். கடையில் அச்சுப்போட்டு இதோடு வைத்திருக்கிறேன். இடது பக்கம் பாதி பெருவிரல். மீதியில் தெரிகிற ஒரு கண்ணும் மூக்குக் கீறல் தழும்பும் உன் அக்கா மகனுடையது.

பத்திரமாக வை.

நேரில் பார்க்க வருகிற,
வள்ளி அக்கா